லாரிக்காரனுக்கு வந்த பைக் லைசென்ஸ்

போடியிலிருந்து மலைக்கு முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியிருக்கிறேன். ஏறும்போது எஸ்டேட்டுகளுக்கு உரம், சிமெண்ட், அரிசி. இறங்கும்போது ஏலக்காய் மூட்டை, இல்லையென்றால் வெறும் வண்டி. இத்தனை காலத்தில் எனக்கு ஓட்டத் தெரியாமல் போனது இரண்டு சக்கர வண்டி மட்டும்தான். சைக்கிள்கூட வராது. லாரி ஷெட்டு வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பைக்குக்கு அவசியம் வரவில்லை.

புத்தகமாக இருந்த லைசென்ஸை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் கார்டாகத் தந்தபோது, போட்டோ என்னுடையதா என்று மட்டும் பார்த்தேன். என்னுடையதுதான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வழியில் கேட்டவர்களும் போட்டோவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். எழுத்தை யாரும் படிக்கவில்லை.

படித்தவர் மலைமேல் கேரள எல்லையில், போடிமெட்டு செக்போஸ்டில் இருந்த ஒரு மலையாளப் போலீஸ்காரர். எஸ்டேட்டில் உரத்தை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கார்டை வாங்கியவர் வெகுநேரம் படித்தார். பிறகு லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பலகைக்கு மேலே எட்டி உள்ளேயும் பார்த்தார்.

“சேட்டா, பைக் எவிடெ?” என்றார்.

“எந்த பைக்குங்க?”

“இது பைக்கின்றெ லைசன்ஸாணு.”

வாங்கிப் பார்த்தேன். கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று இருந்தது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. லாரி இல்லை, கார் இல்லை, ஆட்டோகூட இல்லை. நான் ஓட்டத் தெரிந்த எதையும் ஓட்டக்கூடாது, ஓட்டத் தெரியாத ஒன்றை மட்டும் ஓட்டலாம்.

அவர் நல்ல மனிதர். “லைசென்ஸ் உள்ள ஆளு வந்து வண்டி எடுக்கட்டே” என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

என் மனைவியின் அண்ணனுக்கு போன் செய்தேன். மச்சானுக்கு ஊர் ராசிங்காபுரம். என்னைவிட மூத்த லாரி டிரைவர். பஸ் பிடித்து மெட்டுக்கு வந்து சேர்ந்தார். போலீஸ்காரர் அவர் கார்டையும் விடாமல் படித்தார். லாரி இருந்தது. கூடவே ரோடு ரோலரும் இருந்தது.

“நான் ரோடு ரோலர்ல ஏறுனதே இல்லயே” என்றார் மச்சான்.

“ஏறண்டா. இப்போ லோரி மதி” என்றார் போலீஸ்காரர். ஏற வேண்டாம், இப்போதைக்கு லாரி போதும் என்று அர்த்தம். கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மச்சான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் கிளீனர் சீட்டில் உட்கார்ந்தேன். அந்தச் சாலையில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. டிரைவருக்கு ரோடுதான் தெரியும். இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் பள்ளம் தெரிகிறது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் கண்ணாடிக்கு வெளியே ரோடே இல்லை. கீழே போடி மொத்தமும் கிடந்தது. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“மச்சான், கொஞ்சம் மெதுவா போங்க.”

“இதவிட மெதுவா போனா வண்டி நின்னுரும் மாப்ளே.”

அடிவாரத்தில் முந்தலுக்கு வருவதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன். கார்டு சரியாகும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று லாரி முதலாளி சொல்லிவிட்டார்.

பக்கத்து ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ஏதோ விட்டுப்போயிருக்கும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். நாள் ஆகும் என்றார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். தினமும் ஸ்கூட்டரில் போய் வருவாள். ஒரு வாரம் என்னைப் பார்த்துப் பொறுத்தவள், அதற்குமேல் பொறுக்கவில்லை.

“கவருமெண்டே பைக்க ஓட்டுங்குது. ஓட்ட வேண்டியதுதான?”

எங்கள் மருமகன் வெளியூர் போகும்போது விட்டுப்போன பழைய பைக் ஒன்று வீட்டில் நின்றது. சாயங்காலங்களில் ஊருக்கு வெளியே மைதானத்தில் அவளே சொல்லிக் கொடுத்தாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். ஆளே இல்லாத மைதானத்தில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நான் ஹார்ன் அடித்தேன். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் வலப்பக்கம் நன்றாக ஒதுங்கிப் போய்த்தான் திரும்பினேன்.

“ஏன் இம்புட்டுத் தள்ளிப் போயி ஒடிக்கிறீங்க?”

“பின்னாடி இடிக்கும்ல.”

“பின்னாடி என்ன இருக்கு?”

திரும்பிப் பார்த்தேன். அவள்தான் இருந்தாள். அப்படிப் பார்த்ததில்தான் எதிரே நின்ற புளியமரத்தில் மோதினேன். இத்தனை வருடத்தில் நான் செய்த முதல் விபத்து. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. அவள் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை அழுகை என்று நினைத்து, பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்து, யாருக்கு அடி என்று அவளைத்தான் கேட்டார்.

இதற்கிடையில், ராசிங்காபுரம் பக்கம் ரோடு போடும் காண்டிராக்டருக்கு மச்சானின் கார்டு விஷயம் தெரிந்துவிட்டது. ரோலர் டிரைவர் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவர் காலையும் மாலையும் போன் செய்தார். தெரியாது என்று சொல்லிச் சொல்லி மச்சானுக்கு வாய் வலித்தது. கடைசியில் பார்த்துவிட்டாவது வருவோம் என்று போனார். பழைய ரோலர்காரர் ஒருவர் கூடவே இருந்து பழக்கினார். அன்று ராத்திரி மச்சான் என்னை போனில் கூப்பிட்டார்.

“மாப்ளே, இதுல ஓவர்டேக்கு இல்ல, டயரு பஞ்சரு இல்ல. எல்லாரும் நமக்கு ஒதுங்கிப் போறான். நான் லாரிக்கு வரல.”

வரவும் இல்லை. இன்றைக்கும் ரோலர்தான் ஓட்டுகிறார்.

நான் பைக்கில் கடைத்தெருவரை போய்வரத் தேறிய சமயத்தில் புதுக் கார்டு வந்தது. இந்த முறை ஆபீசிலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். லாரி இருந்தது. பைக் இல்லை.

“பைக்கு எங்கம்மா?” என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன்.

“அது தப்பா ஏறிருச்சுன்னு நீங்கதானய்யா எழுதிக் குடுத்தீங்க? எடுத்துட்டோம்.”

“இப்ப ஓட்டக் கத்துக்கிட்டேன்மா.”

“அப்ப எல்.எல்.ஆர். போடுங்க.”

போட்டேன். சரக்கு லாரியை மலை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் பைக்கில் சிவப்பு எல் ஒட்டிக்கொண்டு பழகினேன். ஷெட்டில் சின்னப் பயல்கள் எனக்கு வழிவிட்டு சல்யூட் அடித்தார்கள்.

டெஸ்ட் நாளில் கல்லூரிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். எட்டுப் போடச் சொன்னார்கள். முதல் வளைவில் பழக்கதோஷத்தில் ஹார்ன் அடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.  காலை ஊன்றாமல் முடித்தேன். பாஸ் என்றதும் எனக்குக் கண் கலங்கியது உண்மை. லாரி லைசென்ஸ் வாங்கிய அன்று இப்படி ஆகவில்லை.

என் மனைவி வெளியே ஸ்கூட்டரோடு நின்றாள். அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தாள்.

“பாஸு” என்றேன்.

“சரி, வெரசா வாங்க. ஸ்டோருக்குப் போகணும்” என்று அவள் முன்னால் கிளம்பினாள். போடி வரும்வரை அவளை முந்தப் பார்த்தேன். அவள் இடம் கொடுக்கவே இல்லை.