பாக்கெட்டின் முதுகு

எந்தப் பாக்கெட் கைக்கு வந்தாலும் சந்தனமாரி முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பாள். பொடி எழுத்தில் பால், நெய் என்று எங்காவது தட்டுப்பட்டால் போதும், பக்கத்தில் இருப்பவளுக்கு அன்று யோகம். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை, பிள்ளைப்பாக்கத்தில் ஹாஸ்டல்.

கறி, முட்டை மட்டுமல்ல, மோர்கூடத் தொடமாட்டாள். "கன்னுக்குட்டி வாய்ல உள்ளதப் பிடுங்கி நான் எதுக்குக்கா குடிக்கணும்?" என்பாள். அதற்குமேல் பிரசங்கம் கிடையாது. புதன்கிழமை கேன்டீன் முட்டையைக் கொடுத்து அடுத்தவள் சுண்டலை வாங்கிக்கொள்வாள். கம்பெனியில் மாட்டிக் கழித்த துணிக் குல்லாவைத் துவைத்து, அதில் பச்சைப்பயறு முளைகட்டி ஹாஸ்டல் ஜன்னலில் தொங்கவிடுவாள். வார்டன் திட்டித் திட்டி அலுத்துவிட்டார்.

போன வருடம் கம்பெனி ரத்ததான முகாமில் அவள் மானம் போயிற்று. நீலக் கரைசலில் விட்ட ரத்தச் சொட்டு மூழ்காமல் மிதந்தது. இரும்புச்சத்து போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "புல்லு துன்னா ரத்தம் எங்கேர்ந்து வரும்? முட்டைய துன்னுடி," என்றாள் லைன் லீடர் சசிரேகா, லைன் முழுக்கக் கேட்கும்படி.

தப்பு கீரையில் இல்லை, டீயில் என்று கண்டுபிடித்தவர் முதலுதவி அறை நர்ஸ். பால் இல்லாத டீதானே என்று இவள் சாப்பிட்ட கையோடு இரண்டு டம்ளர் குடித்துவந்திருக்கிறாள். கீரையின் இரும்பை உடம்பில் சேரவிடாமல் அது தடுத்திருக்கிறது. அன்றே டீ சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. முருங்கைக்கீரைக்கு எலுமிச்சை, ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி, பையில் எள்ளுருண்டை, செடிகொடிகளில் கிடைக்காத பி12-க்கு மட்டும் மாத்திரை என்று ஒரு வருடம் விடாமல் நடந்தது.

இந்த வருட முகாமன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வரிசையில் முதல் ஆள் அவள்தான். சசிரேகா பக்கத்திலேயே வந்து நின்றாள்.

"இன்னா மாரி, இன்னிக்கும் மெதக்கப் போவுதா?"

"முங்கும்க்கா. நீங்க பாருங்க."

விரலில் குத்தினார்கள். சொட்டு கரைசலில் விழுந்து, கொஞ்சம் தயங்கி, நேராக அடியில் போய் உட்கார்ந்தது. யாரும் சொல்வதற்குள் சந்தனமாரி சுடிதார்க் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ரத்தம் கொடுத்து எழுந்தவளிடம் தருவதற்காக சசிரேகா மேஜையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். நீட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, பாக்கெட்டைத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.