ரோச் அண்ணாச்சியின் விரல்

சங்குகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிப்பவர் ரோச். சங்குக்குள் விரலை விட்டுத் தடவியே நல்லதா சொத்தையா என்று சொல்லிவிடுவார். ஒரு குவியலில் போட்டதை மறு குவியலுக்கு மாற்றியதே கிடையாது. அந்தப் பெருமையில் மனிதருக்குக் கால் தரையில் பாவாது.

1975இல் அதுவே வினையாயிற்று. தங்கை பிலோமினாவின் கணவர் பவுல் கப்பலில் வேலை பார்ப்பவர். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய, பாடம் செய்த முதலைக்குட்டியோடு வந்து இறங்கினார். நம் நாட்டில் முதலையைக் கொல்லக்கூடாது என்று சட்டம் வந்திருந்த நேரம். துறைமுகத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்ததும், பரிந்து பேசப் போயிருந்த ரோச் தரம் பிரிக்கும் பழக்கத்தில் முந்திக்கொண்டார்.

"சார், மூஞ்சி அகலத்தப் பாருங்க. தாமிரபரணி முதலைல்லா இது!"

அவ்வளவுதான். பவுல் கப்பலேறத் தேவையான புத்தகத்தை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை கப்பல் கிளம்பும். புத்தகம் வராவிட்டால் வேலை போய்விடும்.

"நீ வாயத் தெறக்காம இருந்திருக்கலாம்லா அண்ணே," என்று பிலோமினா அழுதாள்.

ரோச் உடனே பஸ் ஏறினார். நாசரேத்தில் விலங்கியல் நடத்தும் ஜெபசெல்வி டீச்சரைத் தேடிப் போனார்.

"அண்ணாச்சி, ரெண்டும் வேற இனம். அமெரிக்காவுல நல்ல தண்ணிச் சதுப்புல கெடக்கது அலிகேட்டர். நம்ம ஆத்துலயும் கொளத்துலயும் கெடக்கது க்ரோக்கடைல். நம்மூருக்காரனுக்கும் மூஞ்சி அகலந்தான், அத வச்சுச் சொல்ல முடியாது. வாய மூடும்போது கீழ்த்தாடை நாலாவது பல்லு வெளிய தெரிஞ்சா நம்மூரு. தெரியலன்னா அலிகேட்டர்."

"இது வாயப் பொளந்துல்லா காஞ்சு கெடக்கு டீச்சர்!"

"அப்பம் மேல்தாடையப் பாருங்க. அலிகேட்டருக்கு அந்தப் பல்லு போய் உக்கார உள்ள குழி இருக்கும். நம்மூருக்கு வெளி ஓரத்துல வெட்டு இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை, அதிகாரியின் மேசைமேல் கிடந்த குட்டியின் வாய்க்குள் ரோச் விரலை விட்டார். வெளி ஓரத்தில் வெட்டு இல்லை. உள்ளே விரல்நுனி ஒரு குழியில் இறங்கி நின்றது. மறுபக்கமும் அப்படியே. அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார், டீச்சர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தையும் படித்தார்.

"அன்னைக்கு நீங்கதானே அவ்வளவு உறுதியா சொன்னீங்க? தப்புன்னு எழுதிக் கொடுங்க."

ரோச்சுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினார், கையெழுத்தும் போட்டார். பவுல் சனிக்கிழமை கப்பலேறினார்.

திங்கட்கிழமை கிட்டங்கி முழுக்க இதே பேச்சு. ரோச் வந்து உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. நல்ல குவியலில் போட்ட ஒரு சங்கை எடுத்து, மறுபடி விரலை விட்டுத் தடவி, சொத்தைக் குவியலில் போட்டார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, சிரிக்கணும்னா சிரிங்கலே," என்று சொல்லிவிட்டு அடுத்த சங்கை எடுத்தார்.