லேசரைத் திருகிய கதை

காலையிலிருந்து சிடி பிளேயரில் பாட்டு அடிக்கடி விட்டுவிட்டுக் குதித்தது. லேசர்தான் பழுது என்று முடிவுகட்டிக் கழற்றினேன்.

லென்ஸைத் துடைத்தேன். குதித்தது. யூடியூப் வீடியோ ஒன்றில் காட்டியபடி, லேசரின் பலத்தைக் கூட்டும் குட்டித் திருகாணியைக் கொஞ்சம் திருகினேன். குதித்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பக்கத்து வீட்டுல தறி ஓடறப்பதான் குதிக்குது. அவங்க நிறுத்துனப்பலாம் நல்லாத்தானே பாடிக்கினு இருந்துது?"

பிளேயரை நேற்றுதான் அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரில் உள்ள அலமாரிக்கு மாற்றியிருந்தேன்; தறி ஓடினால் அந்தச் சுவர் அதிரும். பிறந்ததிலிருந்து கேட்கும் தறிச்சத்தம் என் காதில் விழுவதே இல்லை.

பிளேயரை வேறு அறைக்குத் தூக்கிப்போனேன். இப்போது குதிக்கவில்லை. பாடவும் இல்லை. உள்ளே சிடியே இல்லை என்கிறது.

அந்தத் திருகாணி முதலில் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனைவியிடம் கேட்பதாக இல்லை.