வரலாற்று டீச்சரின் கணினி

கண் தெரியாத ஒரு பெண்ணின் கணினியில் இருந்ததை, தொடவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்ட பிறகும், நான் அழித்தேன். தவறிப்போய் நடந்ததல்ல. கோடை விடுமுறையில், பள்ளி காலியாகக் கிடந்த ஒரு பகலில், யோசித்துத்தான் செய்தேன்.

ராமநாதபுரத்தில் நான் கணக்கு ஆசிரியராக இருந்த பள்ளி அது. கணினி அறையும் என் பொறுப்பு. அங்கே ஓடியது விண்டோஸ். பாதிக்கு மேல் திருட்டுப் பிரதி. வைரஸ் வராத வாரம் இல்லை. புதுப் பதிப்பைப் போட்டால் பழைய இயந்திரங்கள் நொண்டும். ஆப்பிள் கணினிகள் நல்லவை என்பார்கள். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் இருந்துகொண்டு நாங்கள் அதைப் பேசுவதற்கில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இலவசம். பழசிலும் ஓடும். பிரித்துப் பார்க்கலாம், பக்கத்துப் பள்ளிக்கும் கொடுக்கலாம். அடுத்தவன் பூட்டி வைத்த பெட்டியில் பிள்ளைகளைப் பழக்கக் கூடாது என்று அன்று நம்பினேன். எழுபதைத் தாண்டிய பிறகும் அதையேதான் நம்புகிறேன். அதற்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

வரலாற்று டீச்சர் தங்கச்சிமடத்துக்காரர். கடலுக்குப் போகிற குடும்பம். ஆசிரியர் அறை மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டே எல்லா வேலையும் செய்வார். அது பேசும் வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. "என்ன டீச்சர், மீன் ஏலமா?" என்று பி.டி. மாஸ்டர் கேட்டால், "ஆமா சார், ஒங்களத்தான் ஏலம் விடுறாங்க. இன்னும் ஒருத்தரும் கேக்கல" என்பார்.

என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "லேப்ல என்ன வேணாலும் போடுங்க சார். எம் மெஷின விட்டுருங்க. அடுத்தவங்க வாயால படிக்கிற பொழப்ப விட்டு இப்பத்தான் வெளிய வந்திருக்கேன்."

சரி என்றேன். பிறகு, ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று பயந்தேன். லினக்ஸிலும் வாசிக்கும் மென்பொருள் உண்டு, பழகிக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவர் கணினியிலும் விண்டோஸை அழித்து லினக்ஸைப் போட்டேன். ஆனால் பழைய இயந்திரம் என்பதற்காக நான் தேர்ந்தெடுத்த எளிய முகப்பில், அந்த மென்பொருள் பாதிப் பட்டன்களை வாசிக்கவே இல்லை. நான் சோதித்துப் பார்க்கவும் இல்லை. எனக்குக் கண் இருந்தது.

பள்ளி திறந்த அன்று அவர் ஒரு விசையை அழுத்தினார், காத்திருந்தார், மறுபடி அழுத்தினார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் பிறகு மாதத் தேர்வுக் கேள்விகளை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் அடித்து வாங்க வேண்டியிருந்தது. கேள்வித்தாள் வெளியே போய்விடும் என்று, அந்த வேலையையே தலைமையாசிரியர் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்.

என் காசில் ஒரு லேப்டாப் வாங்கி, முறையான விண்டோஸ் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த நேரத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடவில்லை.

"பறிச்சது அங்கன. திருப்பிக் குடுக்கிறது மட்டும் இங்கன, ஆரும் பாக்காமயா?"

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்: "திரைய அணைச்சுட்டு, அந்த மெஷின்ல ஒரு லீவு லெட்டர் அடிங்க சார்." எல்லோர் முன்னிலையிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோப்பைத் திறக்கவே முடியவில்லை. முதலில் சிரித்தவர்களும் பிறகு அடங்கிவிட்டார்கள்.

அவருடைய விண்டோஸும் கேள்வித்தாள் வேலையும் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. அதைச் சாக்கிட்டு மற்றவர்களும் கேட்டார்கள். கணினி அறை முழுக்க விண்டோஸ் வந்தது. என் லினக்ஸ் போயிற்று. அதில் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அதைத் தோற்கடித்தது டீச்சர் அல்ல, நான்.

ஓய்வு பெற்ற பிறகு, திரையை அணைத்து வைத்துக்கொண்டு, பேசாத பட்டன் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து, அந்த லினக்ஸ் முகப்பை உருவாக்குபவர்களுக்கு எழுத ஆரம்பித்தேன். பெரும்பாலும் பதில் வராது. ஒருமுறை தொலைபேசியில் டீச்சரிடம் கேட்டேன், மன்னித்துவிட்டீர்களா என்று. "மொதல்ல அது பேசட்டும் சார்" என்றார்.

போன மாதம் வந்த புதுப் பதிப்பில், கோப்பைச் சேமிக்கும் பட்டன் தன் பெயரைச் சொன்னது. ஃபோனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்து அவரைக் கேட்க வைத்தேன்.

"ஒண்ணு பேசிருச்சு. மிச்சம்?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்."

"எழுதுங்க. எல்லாம் பேசினதும் சொல்லுங்க, நானே வந்து சோதிக்கிறேன். அதுவரைக்கும் எம் மெஷின் பக்கம் வராதீங்க."