வாட்டும் கிலோவும்

எங்கள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நிறை பார்க்கும் கண்ணாடித் தராசு ஒன்று இன்னமும் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். போர் முடிந்த ஆண்டில் என் கணவர் அதன்மேல் காலையும் மாலையும் ஏறி நின்ற கோலம் அப்படி.

நாங்கள் வாழும் டேனிஷ் நகரமான சில்க்போர்க்கில் தொழிற்சாலை நண்பர்களோடு இவர் சைக்கிள் கழகத்தில் சேர்ந்திருந்தார். கழகக் கூடத்தில், மிதிக்கிற பலத்தை வாட் கணக்கில் காட்டும் நிலைச்சைக்கிள் ஒன்று இருந்தது. அந்த வாட்டை உடம்பின் கிலோவால் வகுக்க வேண்டுமாம். வருகிற எண் பெரிதாக இருந்தால் ஏரிக்கு மேலுள்ள மேட்டில் டேனிஷ்காரரோடு சேர்ந்து ஏறலாமாம். பலத்தைக் கூட்டுவது கடினம், நிறையைக் குறைப்பது சுலபம் என்று இவராகவே முடிவு கட்டினார். சோறு நின்றது. புட்டு நின்றது. நான் ஆக்கி வைத்த மீன்குழம்பைக் குனிந்து மணந்துவிட்டுக் கீரை தின்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அப்போது இவருடைய அம்மா, என் மாமி, போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். மாதக்கணக்காகத் தொடர்பு இல்லை. தொலைக்காட்சியில் ஊர் எரிந்துகொண்டிருக்க, இவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் வாட், கிலோ, வாட், கிலோ. "அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கதையுங்கோவன்" என்று கத்தினேன். "கதைச்சு என்ன செய்யிறது? இது ஒண்டுதான் என்ரை கையிலை இருக்கு" என்றார். எலும்பு தெரிய மெலிந்தார். சோறில்லாத காலில் வாட் எங்கிருந்து வரும்? கிலோவைவிட வேகமாக அது இறங்கியது. கடைசியில் அந்த மேட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

போர் முடிந்து, மாமி அகதி முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது. வவுனியாவில் இருந்த உறவினர் மூலம் எங்கள் படம் ஒன்றை அனுப்பினேன். அதில் இவர் சைக்கிளைப் பிடித்தபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சில நாளில் மாமியின் தொலைபேசி அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டோம்.

"தம்பி, உங்கை சாப்பாடு இல்லையோ? நாங்கள் பதுங்குகுழிக்குள்ளை கஞ்சித்தண்ணி குடிச்சனாங்கள். உனக்கு என்னப்பு வந்தது?"

மாமி அழுதார், தனக்காக அல்ல. அழைப்பு முடிந்ததும் இவர், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்று, "இஞ்சாரும், சோறு இருக்கோ?" என்றார். கோபத்தோடுதான் போட்டுக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றார்.

இப்போது அந்தத் தராசு, மாமியைப் பார்க்கப் போகும்போது பெட்டி நிறுக்கத்தான் பயன்படுகிறது. இவர் முதலில் தனியே ஏறுவார், பிறகு பெட்டியோடு ஏறுவார், கழித்துப் பார்ப்போம். தனியே ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வார், எண்ணை நான்தான் வாசிக்க வேண்டும். தொலைபேசியில் காத்திருக்கும் மாமிக்குப் பெட்டியின் நிறை தேவையில்லை.

"பிள்ளை, அவன் எத்தினை கிலோ?"

நான் இரண்டு கிலோ கூட்டியே சொல்கிறேன்.