மரத்த வாயில் வைத்துப் பார்த்த கடிவாளம்

கடிவாளத்தைக் குதிரை வாயில் மாட்டுவதற்கு முன்னால் தன் வாயில் வைத்துப் பார்க்கிற ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். அந்த லாயத்தில் ஒருத்தி இருந்தாள். சேணமும் வாரும் தொங்குகிற அறைக்கு அவள்தான் பொறுப்பு. இரும்பைக் கழுவித் துடைத்து, நாக்கின் மேல் குறுக்கே வைத்து, இரண்டு பக்க வளையங்களையும் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். விளிம்பு உரசினாலும், இரண்டு துண்டையும் கோக்கிற நடுக்கண்ணி கிள்ளினாலும் அந்தக் கடிவாளம் பழைய பெட்டிக்குப் போய்விடும். இதனால் அவளுக்கு இரும்புத்தின்னி என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ளவும் ஒரு தெம்பு வேண்டாமா?

கணவனை விட்டு அவள் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. லாயத்துக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஒத்துவரல" என்று ஒரே பதில். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. கேட்டவர்களும் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

லாயத்துக்குப் புதிதாக ஒரு பெண்குதிரை வந்திருந்தது. மூன்று வயது. வாயோரம் விரல் பட்டாலே தலையைத் தூக்கிக்கொள்ளும். தொட்டாச்சிணுங்கி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு கடிவாளம் மாற்றியும் அது படியவில்லை. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னிக்கு ஒரு நாள் பாப்பேன். இல்லேன்னா உன் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடணும். அவர் கைக்கு அடங்காத குதிரை உண்டா?"

உண்மைதான். குதிரை பழக்குவதில் அவள் கணவன் பேர்போனவன். முறுக்குக்கம்பி போட்ட கடிவாளத்தை மாட்டி ஒரு வாரம் இழுத்தானானால் எந்தக் குதிரையும் சொன்னபடி கேட்கும். அதற்கப்புறம் அந்த வாய்க்கு எதுவுமே உறைக்காது. அந்தக் கையை அவளுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் தெரியும். தொட்டாச்சிணுங்கி அந்தக் கைக்குப் போகக் கூடாது. இரண்டு வருஷத்தில் அவள் வேண்டும் என்று நினைத்தது இது ஒன்றைத்தான்.

அன்றைக்கென்று பார்த்துக் காலையில் பல்வலி உயிர் போயிற்று. கடைவாய்ப் பல் எப்போதோ விரிசல் விட்டிருந்தது. எப்போதோ என்ன எப்போதோ, சாப்பாடு ஆறிப்போய்விட்டது என்பதற்காகக் கன்னத்தில் விழுந்த அறையில்தான். "எங்கேயாவது விழுந்தீங்களாம்மா?" என்று பல் டாக்டர் கேட்டார். "படியில" என்றாள். ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். பஞ்சைக் கடித்துக்கொண்டே நேரே லாயத்துக்கு வந்துவிட்டாள்.

மூன்று கடிவாளங்களை எடுத்துக் கழுவி, பஞ்சைத் துப்பிவிட்டு, வழக்கம்போல ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தாள். நடுவில் கண்ணி வைத்த தடித்த கடிவாளம் வெண்ணெய் மாதிரி இருந்தது. தடித்த இரும்பு உறுத்தாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். அதையே மாட்டிவிட்டாள்.

லாயத்தில் சவாரி சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஏறி வார்களைக் கையில் எடுத்ததுதான் தாமதம், குதிரை பின்காலில் நின்றுவிட்டது. டீச்சர் எப்படியோ விழாமல் இறங்கினாள். குதிரையின் வாயோரத்தில் நுரை சிவப்பாக இருந்தது.

"பார்த்துத்தானே குடுத்த?" என்றாள் டீச்சர்.

"பார்த்துத்தான் குடுத்தேன்."

"சரி விடு. சாயந்தரம் அவருக்கு ஃபோன் போட்டுடறேன்" என்றார் முதலாளி.

"ம்" என்றாள். மனசில் ஒன்றும் எழவில்லை. பயம்கூட வரவில்லை. அறைக்குத் திரும்பி வார்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு ஊசியின் வேகம் இறங்கியது. கீழுதடு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தாள். தன் உதட்டைத் தானே கடித்துக் குதறி வைத்திருக்கிறாள், அதுகூடத் தெரியாமல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மரத்துப்போன வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, வலிக்கவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

தடித்த கடிவாளத்தைக் கழுவி மறுபடி நாக்கில் வைத்து இழுத்தாள். தேய்ந்துபோன கண்ணி நறுக்கென்று நாக்கைக் கிள்ளியது. போதாததற்கு வாயை அடைத்துக்கொண்டு நாக்கை அசையவிடவில்லை. அந்தக் குதிரைக்கோ சின்ன வாய், பருத்த நாக்கு. வலி மண்டை வரைக்கும் போயிற்று. கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்காமலே கடிவாளத்தை எடுத்துப் பழைய பெட்டியில் போட்டாள்.

மற்ற இரண்டையும் வாயில் வைத்துப் பார்த்தாள். கண்ணியில்லாமல் ஒரே கம்பியாக, நடுவில் லேசாக வளைந்து, நாக்குக்கு இடம் விட்ட மெல்லிய கடிவாளம் ஒன்று எங்கேயும் கிள்ளவில்லை. அதை எடுத்துக்கொண்டு போனாள். குதிரையின் வாயோரத்தில் விரல் விட்டுப் புண் எங்கே என்று பார்த்தாள். கண்ணி கிள்ளிய ஓரம்தான் கிழிந்திருந்தது. இரும்பு தங்குகிற பல்லில்லாத இடம் நன்றாக இருந்தது. கடிவாளத்தைக் கையில் பொத்திச் சூடாக்கி, புண்ணில் படாமல் மாட்டினாள். ஏறவில்லை, வாரை இழுக்கவில்லை, தலைவாரைப் பிடித்து நடத்தினாள். குதிரை இரும்பை மெல்ல மென்றது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு கூடவே வந்தது.

முதலாளி ஃபோனும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சரும் வந்துவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான். மரத்த வாயோட பார்த்துட்டேன். புண்ணு ஆறட்டும், ஒரு வாரம் குடுங்க. அவரைக் கூப்பிடாதீங்க."

"ஏம்மா, உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்காகத் தொழில்காரரைக் குறை சொல்லலாமா? அவர் கையில எந்தக் குதிரையாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கா?" என்றார் முதலாளி.

அவள் நின்றாள். ஒத்துவரல என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. உதடு வீங்கி எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு வலிச்சுதுங்க" என்றாள்.

முதலாளி அவள் உதட்டைப் பார்த்தார்.

"இது ஊசியால. நான் சொல்றது பதினெட்டு வருஷம்."

முதலாளி ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி, நின்ற இடத்திலேயே, எல்லோரும் பார்க்க அழுதாள்.