இல்லாத விரல்களின் குளிர்

தொண்ணூறுகளில் சேரன்மகாதேவியில் நான் வேலை பார்த்த வங்கியின் காவலாளி, ஓய்வுபெற்ற ராணுவ வீரர். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை போடுவார். சித்திரை வெயிலிலும் கம்பளிக் காலுறையைக் கழற்ற மாட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி இது?" என்று ஒருநாள் கேட்டேன்.

இடது காலுறையை உருவிக் காட்டினார். மூன்று விரல்கள் இல்லை. "எல்லையில பனி தின்னுட்டு சார். ஆனா இல்லாத விரலுதான் இன்னும் குளிருது."

"டாக்டர்ட்ட காட்டலியா?"

"காட்டுனேன். இல்லாத விரலுக்கு எங்கன மருந்து போடன்னு கேக்காரு. நியாயந்தான?"

காலுறையை மறுபடி மாட்டி, அதன் காலியான முனையை இரு கைகளாலும் தேய்த்துச் சூடாக்கினார். நான் எழுந்துபோய் அவர் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியை நிறுத்தினேன். வரிசையில் நின்ற ஒருவர், "புழுங்குது வே!" என்று கத்தினார்.

குளிர் குறைந்ததா என்று அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.